ஆமையாரின் நடை

எந்தப் பிரயாணத்திலும் பாதி இன்பம் புறப்படுவதற்கு முன்னரே கிடைத்துவிடுகிறது. தேசப்படத்தை மேசைமேல் விரித்து விரலால் வழி தேடுவதும், புதுச் சப்பாத்துகளை அணிந்துகொண்டு விறாந்தையிலே அங்குமிங்கும் உலாவிப் பார்ப்பதும், எடுத்துச் செல்ல வேண்டிய பொருள்களுக்கு நாள்தோறும் ஒரு புதுப் பட்டியல் எழுதுவதும் எத்தனை இனிய வேலைகள்! சென்ற மூன்று மாதங்களாக என் வீட்டிலே இவ்வேலைகள்தாம் நடைபெறுகின்றன. "அறுபத்தாறு வயதில் இவருக்குப் பிடித்திருக்கிற பைத்தியத்தைப் பாருங்கள்" என்று என் மனைவி அயலாரிடம் சொல்லி நகைப்பது என் செவியிலும் விழாமலில்லை.

விஷயம் இதுதான். வருகிற ஒக்டோபர் மாதத்தில், பழைய பள்ளித் தோழர்கள் நால்வர் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள கிராண்ட் கன்யன் என்னும் பெரும் பள்ளத்தாக்கிலே கால்நடையாக இறங்கி ஏறுவதென்று தீர்மானித்திருக்கிறோம். ஒருவர் ரொறன்ரோவிலிருந்து வருகிறார்; மற்றொருவர் இலண்டனிலிருந்து; மூன்றாமவர் மெல்பேணிலிருந்து. நான்காமவன் அட்டனுக்கு அண்மையில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் ஓய்வு பெற்று வாழும் நான். எனது விமானச் சீட்டை மற்ற மூவரும் பங்கிட்டு வாங்கி அனுப்பிவிட்டு, "மறுத்துப் பேசினால் நட்பு முறியும்" என்று அச்சுறுத்தியும் விட்டார்கள். அதன்மேல் நான் என்ன செய்வது?

கண்டியிலே ஒரே விடுதியில் தங்கிப் படித்தவர்கள் நாங்கள். அக்காலத்தில் ஒருவருக்கொருவர் சூட்டிய பெயர்கள் இன்றும் நிலைத்திருக்கின்றன. இலண்டன்காரர் நெட்டையர்; மெல்பேண்காரர் கணக்கர்; ரொறன்ரோகாரர் ஆமையார். என்னை அவர்கள் குதிரை என்று அழைத்தார்கள். நான் அத்தனை வேகமாக நடப்பவனாய் இருந்தேனாம். 1983 ஆம் ஆண்டு யூலை மாதத்துக்குப் பின்னர் ஒருவர்பின் ஒருவராக மூவரும் நாட்டை விட்டுச் சென்றனர். கலியாண வீடுகளிலும் மரண வீடுகளிலும் இருவர் மூவராகச் சந்தித்ததுண்டு. நால்வரும் ஓரிடத்திற் கூடியது அன்றிலிருந்து இன்றுவரை ஒருமுறையேனும் இல்லை.

கரும்பலகையில் வரைந்த பள்ளம்

முப்பத்து மூன்று ஆண்டுகள் நான் புவியியல் கற்பித்தேன். ஆண்டுதோறும் ஆறுகளின் அரிப்புத் தொழிலைப் பற்றிய பாடம் வரும். ஆண்டுதோறும் கிராண்ட் கன்யனின் குறுக்குவெட்டு முகத்தைக் கரும்பலகையில் வண்ணச் சுண்ணக்கட்டிகளால் வரைவேன். ஒருமுறை முன்வரிசையிலிருந்த ஒரு சிறுமி எழுந்து, "சேர், இதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டாள். "இல்லை, பிள்ளை" என்றேன். வகுப்பு சிரித்தது. அந்தக் கேள்விக்கு வேறு விடை சொல்ல வேண்டுமென்ற ஆசை அன்று முளைத்தது.

மாணவச் செல்வங்களுக்காக அந்தப் பாடத்தை இங்கே மிகச் சுருக்கமாக மறுபடியும் நடத்திவிடுகிறேன். கொலராடோ ஆறு குடைந்த இப்பள்ளத்தாக்கு 446 கிலோமீற்றர் நீளமானது. மிக அகன்ற இடத்தில் விளிம்புக்கு விளிம்பு 29 கிலோமீற்றர். ஆழம் ஒரு மைலுக்கும் மேல். அதன் சுவர்கள் படிப்படியாக அமைந்திருப்பதற்குக் காரணம், கடினமான பாறையும் மென்மையான பாறையும் மாறிமாறி அடுக்கப்பட்டிருப்பதே. கடினமான சுண்ணக்கல்லும் மணற்கல்லும் செங்குத்துச் சுவர்களாக நிற்கின்றன; மென்மையான களிப்பாறை கரைந்து சரிவுகளாகக் கிடக்கின்றது. அங்கே மழை குறைவு. மண்ணும் செடிகொடியும் போர்த்து மூடாதபடியால் பாறையின் எலும்புக்கூடு முழுவதும் வெளியே தெரிகிறது. மழையும் பசுமையும் மிகுந்த நம் மலைநாட்டுப் பள்ளத்தாக்குகளிலே இந்தக் காட்சியை நாம் காண முடியாது.

மேல் விளிம்பிலுள்ள கைபாப் சுண்ணக்கல் ஏறத்தாழ 27 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் கடலடியிற் படிந்தது. இன்று கடல்மட்டத்துக்கு இரண்டாயிரம் மீற்றருக்கு மேலே நிற்கும் அந்தக் கல்லிலே கடலுயிர்களின் சுவடுகள் பதிந்திருக்கின்றன. அடியிலே, ஆற்றங்கரையிலுள்ள கரும்பாறையின் வயதோ ஏறக்குறைய 170 கோடி ஆண்டுகள். ஆகவே, கீழ்நோக்கி வைக்கும் ஒவ்வோர் அடியும் காலத்தில் பின்னோக்கி வைக்கும் அடியாகும். இத்தனைக்கும் ஆறு இப்பள்ளத்தைக் குடைந்தது பெரும்பாலும் கடந்த ஐம்பது அறுபது இலட்சம் ஆண்டுகளுக்குள்ளேதான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

தமிழ் வாசகர்களுக்கு ஒரு வியப்பான செய்தியும் உண்டு. அந்த அடிப்பாறைக்கு விஷ்ணுவின் பெயர் இடப்பட்டிருக்கிறது. பள்ளத்தாக்கின் நடுவே கோபுரங்கள் போல எழுந்து நிற்கும் குன்றுகளுக்குச் சிவன் கோயில், விஷ்ணு கோயில், பிரமன் கோயில் என்று பெயர்கள் வழங்குகின்றன. 1882 இல் இப்பிரதேசத்தைப் பற்றிப் பெருநூல் வெளியிட்ட கிளரன்ஸ் டட்டன் என்னும் புவியியலாளர் கீழைத்தேயக் கோயில்களின் வடிவை அக்குன்றுகளிற் கண்டு இவ்வழக்கத்தைத் தொடக்கிவைத்தார். அடியார்களும் அருச்சகரும் இல்லாத அக்கோயில்களைத் தரிசிக்கப் போகிறேன் என்று என் மனைவியிடம் சொன்ன பின்னரே அவளுடைய நகைப்புச் சற்றுக் குறைந்தது.

கண்ணை ஏமாற்றும் தூரம்

நிற்க. இந்தப் பள்ளத்தாக்கு பார்ப்பவருடைய கண்ணை ஏமாற்றுவதிற் பெயர் பெற்றது. 1540 ஆம் ஆண்டில் கார்தெனாஸ் என்னும் தளபதியின்கீழ் ஸ்பானியப் படையினர் சிலர், ஹோப்பி மக்கள் வழிகாட்ட, இதன் விளிம்பை வந்தடைந்தனர். மேலிருந்து நோக்கியபோது ஆறு ஓர் ஆள் நீள அகலமுடைய வாய்க்காலாகத் தோன்றிற்று. உடல் வலிமை மிக்க மூவர் கீழே இறங்க முயன்றனர். மூன்றில் ஒரு பங்கு தூரம் இறங்குவதற்குள் பொழுது கழிந்து, அவர்கள் திரும்பி வந்துவிட்டனர். மேலிருந்து ஆளுயரமாகத் தெரிந்த கற்பாறைகள் அருகிற் சென்றபோது செவில் நகரின் பெரிய கோபுரத்தைவிட உயரமாக இருந்தனவென்று அவர்கள் சொன்னார்களாம்.

எங்களுடைய முதல் திட்டமும் அந்த மூவருடைய முயற்சியைப் போன்றதுதான். நெட்டையர் வகுத்த திட்டம் அது. முதல் நாள் அதிகாலையில் தென் கைபாப் என்னும் பாதையால் இறங்கி, ஏறக்குறைய 11 கிலோமீற்றர் நடந்து கொலராடோ ஆற்றை அடைவது. அடியிலே இரவைக் கழிப்பது. மறுநாள் பிரைட் ஏஞ்சல் என்னும் பாதையால் ஏறக்குறைய 15 கிலோமீற்றர் நடந்து ஏறிவருவது. கீழே இரவு தங்குவதற்கு முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும். கணக்கர் அதற்கு விண்ணப்பித்து அனுமதியும் பெற்றுவிட்டார்.

சிவனொளிபாத மலை 2,243 மீற்றர் உயரமானது. நல்லதண்ணியிலிருந்து உச்சிக்கு ஏறவேண்டியது ஏறக்குறைய ஆயிரம் மீற்றர். அந்த மலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, இன்னும் சில நூறு மீற்றர் ஆழமாகத் தோண்டினால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு நாங்கள் இறங்கவேண்டும். இறங்கிய அவ்வளவையும் ஏறவும் வேண்டும்.

மலைக்கும் பள்ளத்தாக்குக்கும் உள்ள பெரிய வேற்றுமை இதுவே. மலையில் உழைப்பு முதலில் வருகிறது. இயலாதவன் இடையிலே திரும்பிவிடலாம். இறக்கம் அவனுக்கு இரக்கங் காட்டும். பள்ளத்தாக்கிலோ எளிமை முதலில் வருகிறது. காலை நேரத்துக் குளிர், புது உற்சாகம், தானாகவே முன்னே செல்லும் கால்கள் எல்லாம் சேர்ந்து "இன்னுஞ் சற்றுத் தூரம்" என்று இழுத்துச் செல்கின்றன. களைப்பு வந்து "திரும்பு" என்று சொல்லும்போது வழியின் கடினமான பாதி இனிமேல்தான் இருக்கிறது. அத்தோடு கீழே செல்லச் செல்ல வெப்பமும் கூடுகிறது. கோடையில் அடித்தளத்தின் வெப்பநிலை 38 பாகை செல்சியசுக்கு மேலே போவது வழக்கம். ஆகையால்தான் ஒரே நாளில் ஆற்றுக்கு இறங்கித் திரும்பிவர முயலவேண்டாமென்று பூங்கா அதிகாரிகள் எச்சரிக்கிறார்கள். இறங்குவதற்கு எடுத்த நேரத்தைப்போல் இருமடங்கு நேரம் ஏறுவதற்கு வேண்டுமென்பதும் அவர்கள் சொல்லும் கணக்கு.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாமும் பரிசில் பெறச் செல்லும் கூத்தருக்கு மலைவழியின் இடர்களை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கின்றது. போய்வந்தவன் போகிறவனுக்கு வழி சொல்வது பழந்தமிழர் போற்றிய அறமன்றோ? அந்த முறையைப் பின்பற்றி, நண்பர்கள் திரட்டி அனுப்பிய அறிவுரைகளுள் சிலவற்றைத் தருகிறேன். தண்ணீரை மாத்திரம் குடித்துக்கொண்டே நடப்பது ஆபத்து. வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால் உப்புள்ள தின்பண்டமும் உண்ணவேண்டும். (முறுக்கும் உப்புக் கச்சானும் கொண்டுவரும் பொறுப்பு எனக்கு.) சுமையேற்றிய கோவேறு கழுதைகள் எதிரே வந்தால், பள்ளப் பக்கமாக ஒதுங்காமல் மலைச்சுவர்ப் பக்கமாக ஒதுங்கி அசையாது நிற்கவேண்டும். பாதையில் வந்து இரக்கும் அணில்களுக்கு உணவு கொடுக்கக் கூடாது; அவை கையைக் கடித்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகத்தில் நடக்கவேண்டும். பேச்சுக்கு மூச்சுப் போதாவிட்டால் நடை மிகையென்று அறிந்துகொள்க.

ஓடைக்குப் போன பாதை

எங்கள் வீட்டுக்குக் கீழே தேயிலைச் சரிவின் வழியாக ஓர் ஓடைக்குப் படிகள் இறங்குகின்றன. இறங்கி ஏறுவதற்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சிக்களம் வேறு இல்லையென்று, நாள்தோறும் காலையில் முதுகுப்பையிலே இரண்டு போத்தல் தண்ணீரைச் சுமந்துகொண்டு இறங்கத் தொடங்கினேன். முதல் மாதம் ஒருமுறை. இரண்டாம் மாதம் இருமுறை. குதிரை இன்னும் குதிரைதான் என்று எனக்குள்ளே பெருமிதம்.

மூன்றாம் மாதத்தில் ஒருநாள், ஏறிவருகையில் நெஞ்சை யாரோ கயிற்றினால் இறுக்குவது போலிருந்தது. கண் இருண்டது. படியோரத்துக் கல்லிலே உட்கார்ந்துவிட்டேன். கொழுந்துக் கூடையோடு ஏறிவந்த ஒரு முதிய அம்மாள் என்னைக் கண்டு நின்றார். தம் போத்தலிலிருந்து தண்ணீர் தந்தார். மூச்சுச் சீராகும் வரையில் ஒன்றும் கேளாமல் அருகிலேயே நின்றார். பின்னர், "மாஸ்டர், தெனமும் பாக்குறேன். எறங்குறப்ப ஓடுறீங்க. எறக்கம் கடன் மாதிரி. ஏத்தத்துலதான் வட்டியும் மொதலுமா கட்டணும்" என்றார். நாற்பதாண்டுகள் அச்சரிவிலே சுமையோடு ஏறி இறங்கியவருடைய சொல் அது. நான் படித்த எச்சரிக்கைகள் அனைத்தையும்விட அது நன்றாக விளங்கியது.

வைத்தியரைக் கண்டேன். பரிசோதனைகள் நடந்தன. இருதயத்துக்கு இரத்தம் செல்லும் குழாயொன்று சிறிது ஒடுங்கியிருப்பதாகவும், மாத்திரைகளைத் தவறாது உட்கொண்டால் நடமாடுவதற்குத் தடையில்லையென்றும் அவர் கூறினார். பள்ளத்தாக்கைப் பற்றிக் கேட்டேன். "காலைக் குளிரில், மெதுவாக, இருந்து இருந்து நடந்து, உச்சி வெயிலுக்கு முன்னர் திரும்பிவிடக்கூடிய தூரம் போகலாம். ஆற்றுக்கு இறங்க நான் அனுமதிக்கமாட்டேன்" என்றார்.

நேயர்களே, இங்கே நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இச்செய்தியை நண்பர்களுக்கு நான் உடனே அறிவிக்கவில்லை. இரண்டு கிழமைகள் மறைத்தேன். கைத்தொலைபேசியில் நால்வரும் உரையாடும்போது, "பயிற்சி எப்படிப் போகிறது, குதிரை?" என்று கேட்பார்கள். "மிக நன்று" என்பேன். நான் சொல்லிவிட்டால் அவர்களுடைய திட்டம் குலையுமே என்ற தயக்கம் ஒரு காரணம். உண்மையான காரணம் வேறு. அதைச் சொல்வதற்குப் பழைய கதையொன்றைச் சொல்லவேண்டும்.

தேநீர்க் கடையில் இருந்தவர்

1979 ஆம் ஆண்டு, யாத்திரைப் பருவத்தில், நாங்கள் நால்வரும் சிவனொளிபாத மலைக்குச் சென்றோம். சூரியோதயத்தைக் காண்பதற்காக நள்ளிரவில் ஏறத் தொடங்கினோம். ஆமையாருக்கு இளமையிலிருந்தே தொய்வு நோய். பாதி வழியில் அவருக்கு மூச்சிழுக்கத் தொடங்கியது. மற்ற இருவரும் தயங்கினார்கள். நான்தான், "இவனுக்காக நின்றால் சூரியனைத் தவறவிட்டுவிடுவோம். இவன் இந்தத் தேநீர்க் கடையில் இருக்கட்டும், ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிடலாம்" என்றேன். எங்கள் பைகளையும் அவரிடமே ஒப்படைத்தோம்.

உச்சியை அடைந்தோம். சூரியன் எழுந்ததும் மலையின் நிழல் முக்கோணமாக மேற்கே முகில்களின்மேல் விழுந்ததும் இன்றும் கண்முன் நிற்கின்றன. அந்த அழகிலே மயங்கி, பாடிக் களித்து, நாங்கள் இறங்கிவந்தபோது நான்கு மணி நேரம் கடந்திருந்தது. ஆமையார் நான்கு பைகளையும் மடியிலும் அருகிலுமாக வைத்துக்கொண்டு, குளிரிலே விறைத்துப்போய் அதே பலகையில் இருந்தார். எங்களைக் கண்டதும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "சூரியன் எப்படியிருந்தது?"

அன்று நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பின்னரும் கேட்கவில்லை. நால்வருள் எவரும் அதைப் பற்றிப் பேசியதும் இல்லை. இப்போது, கடைசியாக நடப்பவன் நானென்று தெரிந்தபோது, அந்தப் பலகை என் நினைவுக்கு வந்தது. என்னை மேலே இருத்திவிட்டு அவர்கள் மூவரும் இறங்குவார்கள், அது நீதியுமாகும். அந்த நீதியைத் தாங்க அஞ்சியே நான் வாய் திறவாதிருந்தேன்.

மடலும் மறுமொழியும்

அந்த நாள்களிற் பள்ளத்தாக்கின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தேன். உள்நாட்டுப் போரிலே ஒரு கையை இழந்த ஜோன் வெஸ்லி பவல் என்பவர், 1869 ஆம் ஆண்டு மே மாதம் 24 ஆந் திகதி, தாமுட்படப் பத்துப் பேராக, நான்கு படகுகளிற் புறப்பட்டுக் கொலராடோ ஆற்றின் வழியே இப்பள்ளத்தாக்கைக் கடக்க முனைந்தார். ஒரு படகு பாறையில் மோதிச் சிதறியது. ஒருவர் இடையிலே விலகினார். உணவு குறைந்தது. மூன்று மாதங்களின் பின், ஓகஸ்ட் 28 இல், பயங்கரமான ஒரு நீர்விரைவின் முன்னே நின்றபோது மூவர், இனி ஆற்றிலே செல்லமாட்டோம், சுவரேறி வெளியே போய்விடுகிறோம் என்றனர். பகையில்லை, கண்ணீரோடு பிரிந்தார்கள். மற்றவர் சாவை நோக்கிப் போகிறார்களென்றே இரு திறத்தாரும் எண்ணினார்களாம். படகிற் சென்ற அறுவர் மறுநாளே பள்ளத்தாக்கைக் கடந்து வெளியேறினர். ஏறிச் சென்ற மூவரையும் அவர்களுடைய தோழர்கள் பின்னர் ஒருபோதும் காணவில்லை. மேலே அவர்கள் கொல்லப்பட்டனரென்ற செய்திதான் கிடைத்தது. அந்த நீர்விரைவுக்குப் பிரிவு என்பதே பெயராயிற்று.

யார் சரி, யார் பிழை என்று நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் நாற்காலியில் இருந்துகொண்டு தீர்ப்புக் கூற எனக்குத் தகுதியில்லை. ஆனால் அந்தக் கதையைப் படித்த இரவிலே எனக்கு உறக்கம் வரவில்லை. விளக்கை ஏற்றி, மூவருக்கும் ஒரு மடல் எழுதினேன். வைத்தியர் கூறியதை மறைக்காமல் எழுதினேன். "நீங்கள் மூவரும் திட்டப்படி ஆற்றுக்கு இறங்குங்கள். நான் மேலே விடுதியில் இருந்து உங்கள் பைகளைக் காப்பேன்" என்று எழுதினேன். இறுதியில், நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக எழுதத் தவறிய ஒரு வரியையும் ஆமையாருக்கு எழுதினேன்.

மறுநாட் காலை ஆமையாரிடமிருந்து மறுமொழி வந்தது. அதை இங்கே எடுத்தெழுத அவர் அனுமதி தந்திருக்கிறார்.

"அடே குதிரை, அந்தத் தேநீர்க் கடைக்காரர் எனக்குக் கம்பளியொன்று போர்த்தினார். சூடான தேநீர் தந்துகொண்டேயிருந்தார். கிழக்கே வானம் வெளுப்பதை அங்கிருந்தும் பார்த்தேன். அன்று எனக்குக் கவலை தந்தது ஒன்றேதான்: நீங்கள் வருவதாகச் சொன்ன நேரத்துக்கு வரவில்லையே, உங்களுக்கு ஏதும் நேர்ந்துவிட்டதோ என்று அஞ்சினேன். அந்த நான்கு மணி நேரம் தனியே காத்திருந்தவன் நான். ஆகவே உன்னைத் தனியே காத்திருக்க விடமாட்டேன். ஆறு ஐம்பது இலட்சம் ஆண்டுகளாக அங்கே ஓடுகிறதென்று நீதானே சொன்னாய்? அது எங்கும் ஓடிப்போய்விடாது. நாங்கள் பார்க்க வருவது உன்னை. நெட்டையனும் கணக்கனும் இதற்கு உடன்பட்டுவிட்டார்கள். இனிமேல் உன் பெயர் ஆமை. என் பெயரை உனக்குத் தானமாகத் தருகிறேன்."

அதை வாசித்து முடித்தபோது என் கண்ணாடியைத் துடைக்கவேண்டியதாயிற்று. கணக்கர் தம் பங்குக்கு ஒரே வரி எழுதியிருந்தார்: "இரவு தங்கும் அனுமதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், கட்டிய பணம் போனால் போகட்டும்."

புதிய திட்டம்

இப்போது எங்கள் திட்டம் மாறியிருக்கிறது. வில்லியம்ஸ் என்னும் ஊரிலிருந்து தென் விளிம்புக்குப் புகைவண்டியில் செல்வோம். 1901 ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பிரயாணிகளைக் கொண்டுசென்ற இருப்புப்பாதை அது. மறுநாட் புலரியில் பிரைட் ஏஞ்சல் பாதையால் இறங்குவோம். அந்த இடத்திற் பாறையடுக்குகள் ஒரு பிளவினால் முறிந்திருப்பதனாலேயே, செங்குத்துச் சுவரினூடே மனிதருக்கு வழி கிடைத்திருக்கிறது. பூங்காவோ பிரயாணிகளோ வருவதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே ஹவசுப்பாய் மக்கள் நடந்த வழி அது. கீழேயுள்ள ஊற்றருகே பயிர்செய்து வாழ்ந்த அவர்கள் அங்கிருந்து அகற்றப்பட்டார்கள். கடைசியாக இருந்தவர் வெளியேற்றப்பட்டது 1928 இல். அந்த இடத்துக்கு ஹவசுப்பாய் தோட்டம் என்று அவர்களுடைய பெயர் இடப்பட்டது 2022 ஆம் ஆண்டில்தான். நாங்கள் அதுவரைக்கும் போகமாட்டோம். விளிம்பிலிருந்து ஒன்றரை மைல் தூரத்தில், பாதையோரத்தில், கல்லாற் கட்டிய ஓர் இளைப்பாறு மண்டபம் உண்டு. அதுவே எங்கள் எல்லை. அங்கே இருந்து முறுக்குத் தின்போம். பழங்கதை பேசுவோம். வெயில் ஏறுமுன் திரும்புவோம். முன்னே செல்பவன் நான். என் நடையே மற்ற மூவருக்கும் நடை.

மாலையிலே, கிழக்கே டெசர்ட் வியூ என்னும் முனைக்குச் சென்றால் விளிம்பில் நின்றபடியே ஆற்றைக் காணலாமாம். ஓர் ஆள் நீள அகலமுடைய வாய்க்காலாகத் தெரியுமோ, என்னவோ! கண் ஏமாந்தாலும் எனக்குக் குறையில்லை.

நேற்றுக் காலையும் ஓடைக்கு இறங்கினேன். ஓடவில்லை. அந்த முதிய அம்மாள் சரிவிலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். ஏறிவரும்போது அவரோடு பேசிக்கொண்டே வந்தேன், மூச்சு முட்டவில்லை. "இப்பத்தான் நடக்கப் பழகியிருக்கீங்க, மாஸ்டர்" என்றார்.

இளம் வாசகர்களே, நீங்களும் நண்பர்களோடு மலைக்கோ காட்டுக்கோ கடற்கரைக்கோ செல்வீர்கள். உங்களுள்ளும் ஒருவன் பின்தங்குவான். அவனை ஏதோவொரு பலகையில் இருத்திவிட்டு உச்சிக்கு ஓட உங்கள் கால்கள் துடிக்கும். ஓடினால் சூரியனைக் காண்பீர்கள். அது அழகாகத்தான் இருக்கும். ஆனால் திரும்பிவந்து அவனிடம் அதைச் சொல்லும்போது உங்கள் குரல் எப்படியிருக்குமென்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். சேர்ந்து போவதென்பது கடைசியாக நடப்பவனுடைய நடையிற் போவது. இதை அறிய எனக்கு அறுபத்தாறு வயது வேண்டியிருந்தது. உங்களுக்கு அவ்வளவு காலம் வேண்டாம்.

சப்பாத்துகள் விறாந்தையிலே காத்திருக்கின்றன. முறுக்குச் சுடுவதற்கு அரிசியை ஊறப்போடும் நாளையும் என் மனைவி குறித்துவிட்டாள். திரும்பி வந்ததும், முன்வரிசைச் சிறுமியின் கேள்விக்குரிய விடையை இதே பகுதியில் எழுதுவேன். அதுவரை விடை தாருங்கள்.